உங்கள் மூச்சின் அளவு எவ்வளவு?
நுரையீரலின் கொள்ளளவும் அதை அளக்கும் சோதனையும்: குடும்பத்துடன் படிக்க ஒரு பாடம்



நம் வீடுகளில் பெரியவர்களிடம் சுகர் எவ்வளவு என்று கேட்டால் உடனே எண் வரும். பிரஷர் எவ்வளவு என்றால் மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று பிரித்தே சொல்வார்கள். உங்கள் மூச்சு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் யாரிடமும் பதில் இல்லை. மூச்சையும் அளக்க முடியும், அதற்கும் ஓர் எண் உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் கொஞ்ச காலம் முன்பு வரை தெரியாமல்தான் இருந்தது. தெரிய வந்த விதத்தைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போகிறோம்.

ஒரு பிரியாணி மாஸ்டரின் கதை

நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். வயது 58. பதினைந்து வயதில் தேக்சா கழுவும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர், பிறகு மாஸ்டர் ஆனார். கூடுவாஞ்சேரி தொடங்கி செங்கல்பட்டு வரை எத்தனையோ வலீமா விருந்துகளுக்கு விறகடுப்பில் நின்று சமைத்தவர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம், பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.

மூன்று வருடமாக அவருக்கு இருமல். பொத்தேரி ஸ்டேஷன் மேம்பாலத்தின் படியேறினால் நடுவில் நிற்க வேண்டும். பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நின்றவர், ஓரமாக நாற்காலி போட்டுத் தொழ ஆரம்பித்தார். கேட்டவர்களிடம் "வயசாயிடுச்சு" என்பார். வீட்டாருக்கோ வேறு பயம். இது டி.பி.யாக இருந்து வெளியே தெரிந்தால் பெண்ணின் நிக்காஹ் பேச்சு தடைப்பட்டுவிடுமோ என்று, இருமலையே மறைத்தார்கள். ஒருவழியாகச் சளிப் பரிசோதனை செய்தபோது டி.பி. இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். அதோடு விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் மருந்துச் செலவுக்காக எங்களிடம் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் மருத்துவ உதவி நிதியிலிருந்து கொடுத்தோம். இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் வாங்கினார். மூச்சை யாராவது அளந்து பார்த்தார்களா என்று நாங்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. கடைசியில் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவர் ஒரு குழாயைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னார். பதினைந்து நிமிட வேலை. மூன்று வருடமாகத் தெரியாத நோயின் பெயர் அன்று தெரிந்தது.

அந்தக் குழாய் எதை அளந்தது என்பதுதான் இந்தப் பாடம்.

நுரையீரலுக்குள் நான்கு பங்கு

சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் இழுக்கும் காற்று சுமார் 500 மில்லி. சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்றின் அளவு. இதற்கு இயல்பு மூச்சளவு என்று பெயர். இந்த 500-இல் சுமார் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வழியிலேயே நின்றுவிடும். மீதிதான் காற்றறைகளைச் சென்று சேரும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 8,600 லிட்டருக்கு மேல் காற்று நம் நெஞ்சுக்குள் போய் வருகிறது.

இப்போது ஒரு சிறு சோதனை செய்யுங்கள். சாதாரணமாக மூச்சை இழுத்த பிறகு நிறுத்தாமல் மேலும் மேலும் இழுத்துப் பாருங்கள். இன்னும் சுமார் 3,000 மில்லி உள்ளே போகும். இது உள்மூச்சுச் சேமிப்பு. பாங்கு சொல்லும் முஅத்தின் தொடங்கும் முன் நெஞ்சு நிறைய இழுப்பது இந்தச் சேமிப்பைத்தான்.

அடுத்து, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு வயிற்றை எக்கி மேலும் ஊதித் தள்ளுங்கள். இன்னும் சுமார் 1,100 மில்லி வெளியே வரும். இது வெளிமூச்சுச் சேமிப்பு. நீண்ட ஆயத்தை ஒரே மூச்சில் ஓதி முடிப்பவருக்குக் கடைசி வார்த்தைகளில் கை கொடுப்பது இதுதான்.

எவ்வளவு முயன்று ஊதினாலும் வெளியே வராத காற்று சுமார் 1,200 மில்லி உள்ளேயே தங்கும். இது எஞ்சிய காற்று. வீண் என்று நினைக்க வேண்டாம். இது இருப்பதால்தான் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் காற்றறைகள் ஒட்டிப் போகாமல் திறந்திருக்கின்றன. ரத்தத்துக்கு ஆக்சிஜன் விட்டு விட்டுக் கிடைக்காமல் தொடர்ந்து கிடைக்கிறது.

முதல் மூன்றையும் கூட்டினால் 4,600 மில்லி. நெஞ்சு நிறைய இழுத்து முழுவதும் ஊதினால் வெளிவரும் காற்று இது. இதற்கு உயிர்க் கொள்ளளவு என்று பெயர். எஞ்சிய காற்றையும் சேர்த்தால் 5,800 மில்லி. அது நுரையீரலின் மொத்தக் கொள்ளளவு. இவை பாடப்புத்தகங்களில் ஓர் இளைஞருக்குச் சொல்லப்படும் எண்கள். பெண்களுக்கு இதில் நாலில் ஒரு பங்கு வரை குறைவாக இருக்கும். உயரம் கூடினால் கூடும், வயது ஏறினால் குறையும். ஆகவே இந்த எண்ணைப் பார்த்து யாரும் கவலைப்படவோ பெருமைப்படவோ வேண்டாம். உங்களுக்கு உரிய எண் வேறு.

இதை அளக்கக் கற்றது எப்போது?

மூச்சும் ரத்தமும் சந்திக்கும் இடம் நுரையீரல் என்பதைத் தெளிவாக எழுதி வைத்த முன்னோடிகளில் ஒருவர் இப்னு அல் நஃபீஸ். டமாஸ்கஸில் மருத்துவம் கற்று கெய்ரோவில் பணியாற்றி 1288-இல் காலமானவர். இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு ரத்தம் நடுச்சுவரின் துளை வழியே போகிறது என்று அதுவரை நம்பி வந்தார்கள். அப்படித் துளை ஏதுமில்லை, ரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்தே இடப்பக்கம் வருகிறது என்று அவர் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகத்தில் கிடந்ததை 1924-இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் கண்டெடுத்த பிறகுதான் உலகம் அதைப் பரவலாக அறிந்தது.

ஆனால் மூச்சை லிட்டரில் அளக்க இன்னும் பல நூற்றாண்டு ஆயிற்று. 1846-இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்த ஒரு பாத்திரத்துக்குள் குழாய் வழியே ஊத வைத்தார். ஊதிய அளவுக்குப் பாத்திரம் மேலே எழும். கப்பல்காரர், போலீஸ்காரர், படைவீரர் என்று 2,000 பேருக்கு மேல் அளந்தார். உயரம் ஓர் அங்குலம் கூடினால் ஊதும் காற்று எட்டு கன அங்குலம், அதாவது சுமார் 130 மில்லி கூடுவதைக் கண்டார். உயிர்க் கொள்ளளவு என்ற பெயரும் அவர் வைத்ததுதான். நெஞ்சு நோய் வந்தவருக்கு, வெளியே அறிகுறி தெரியும் முன்பே இந்த எண் குறைகிறது என்பதையும் கவனித்தார்.

நூறு வருடம் கழித்து 1947-இல் பிரான்ஸில் டிஃபனோ என்பவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: எவ்வளவு ஊதினார் என்பது மட்டும் போதுமா, எவ்வளவு வேகமாக ஊதினார் என்று பார்க்க வேண்டாமா? முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்றை அளக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. இன்று மேஜை மேல் வைக்கும் சின்னக் கருவியில் நடக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையின் உயிர்நாடி இந்த இரண்டு எண்கள்தான்.

ஜும்ஆ முடிந்து வெளியே வருவது போல

சோதனைத் தாளில் எஃப்.வி.சி. என்று இருப்பது, முழு வேகத்தில் ஊதி வெளியே தள்ளிய மொத்தக் காற்று. எஃப்.இ.வி.1 என்று இருப்பது, அதில் முதல் ஒரு விநாடியில் வந்த காற்று. மூன்றாவதாக விகிதம். அதாவது மொத்தத்தில் எத்தனை சதவீதம் முதல் விநாடியிலேயே வந்தது என்பது.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஜனங்கள் வெளியே வருவதை நினைத்துப் பாருங்கள். பெரிய ஹால், வாசல்கள் அகலத் திறந்திருக்கின்றன. முதல் சில நிமிடத்திலேயே முக்கால்வாசிப் பேர் தெருவுக்கு வந்துவிடுவார்கள். இது நல்ல நுரையீரல்.

இப்போது அதே ஹால், அதே கூட்டம். ஆனால் வாசலில் ஒரு கதவு பாதி மூடியிருக்கிறது. எல்லோரும் வந்துவிடுவார்கள், ஆனால் நேரம் ஆகும். சிலர் உள்ளேயே காத்திருக்க வேண்டும். இதுதான் அடைப்பு வகை. ஆஸ்துமாவும், புகையால் வரும் நாள்பட்ட சுவாசக் குழாய் அடைப்பு நோயும் (சி.ஓ.பி.டி.) இந்த வகை. இவர்களுக்கு மொத்தக் காற்று ஓரளவு சரியாக இருக்கும், முதல் விநாடிக் காற்று குறைந்துவிடும். காற்று உள்ளே தேங்குவதால் எஞ்சிய காற்றின் அளவு கூடும். நெஞ்சு பீப்பாய் போல உப்பிப் போவது இதனால்தான். மூச்சை இழுக்க முடியவில்லை என்று நோயாளி சொல்வார். உண்மையில் பழைய மூச்சு வெளியே போகாததால் புதிய மூச்சுக்கு இடமில்லை.

மூன்றாவது, கதவெல்லாம் திறந்திருக்கிறது, ஆனால் ஹாலே சின்னது. இருக்கிற கொஞ்சம் பேரும் சட்டென்று வந்துவிடுவார்கள். இது சுருக்க வகை. விகிதம் நன்றாக இருக்கும், மொத்தக் காற்றே குறைவாக இருக்கும். நுரையீரலில் தழும்பு விழுந்து இறுகிப் போனாலோ, முதுகெலும்பு வளைந்திருந்தாலோ, மிகையான உடற்பருமன் இருந்தாலோ இப்படி வரலாம்.

ஆனால் இதில் ஒன்றை மறக்கக் கூடாது. ஊதும் சோதனையால் எஞ்சிய காற்றை அளக்க முடியாது; வெளியே வராத காற்றைக் கருவி எப்படி அறியும்? எனவே சுருக்க வகை என்று சந்தேகம் வந்தால், கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தோ, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தோ மொத்தக் கொள்ளளவைக் கணக்கிடும் பெரிய சோதனையை மருத்துவர் எழுதுவார். தேவையில்லாத செலவு என்று அதைத் தள்ளிவிட வேண்டாம்.

மாஸ்டரின் தாளைப் படிப்போம்

அவருடைய உயரத்துக்கும் வயதுக்கும் எதிர்பார்க்கும் எஃப்.இ.வி.1 2.5 லிட்டர். அவர் ஊதியது 1.4 லிட்டர். மொத்தக் காற்று 2.8 லிட்டர். அதாவது முதல் விநாடியில் பாதிதான் வெளியே வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு இந்த விகிதம் பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆக, கதவு பாதி மூடியிருக்கிறது.

கதவு திறக்கக் கூடியதா என்று பார்ப்பது அடுத்த படி. சால்பூட்டமால் மருந்தை இன்ஹேலரில் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊத வைத்தார்கள். 1.4 என்பது 1.5 ஆயிற்று, மொத்தம் 2.9. கூடியது 100 மில்லி, ஏழு சதவீதம். 12 சதவீதமும் 200 மில்லியும் சேர்ந்து கூடினால்தான் நல்ல முன்னேற்றம் என்று மருத்துவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. மருந்துக்குப் பிறகும் விகிதம் 52 சதவீதம்தான். நாற்பது வருட விறகுப் புகையின் வரலாறும் சேர்ந்ததால் சி.ஓ.பி.டி. என்று முடிவானது. எதிர்பார்க்கும் அளவில் 60 சதவீதம் இருப்பதால் நடுத்தர நிலை.

இதையே ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, முதலில் 1.5 லிட்டர் ஊதுகிறாள், மருந்துக்குப் பிறகு 1.9. கூடியது 400 மில்லி, நாலில் ஒரு பங்குக்கு மேல். கதவு நன்றாகத் திறக்கிறது. இது ஆஸ்துமாவின் அடையாளம். சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் அவளால் ஓடலாம், விளையாடலாம், பள்ளிக்கூட நாள்கள் வீணாகாது. இருவருக்கும் வெளியே கேட்பது ஒரே "வீசிங்" சத்தம்தான். ஆனால் நோய் வேறு, வைத்தியம் வேறு, எதிர்காலமும் வேறு. ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் வாங்கிப் போடுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து புரியும்.

யாருடைய அளவுகோல்?

எதிர்பார்க்கும் அளவு என்கிறோமே, அதை யார் நிர்ணயித்தார்கள்? நோயில்லாத ஏராளமானவர்களை அளந்து எடுத்த கணக்கு அது. ஐரோப்பியரை அளந்த கணக்கை நம்மவர் மேல் அப்படியே வைத்தால், நல்ல ஆளும் நோயாளியாகத் தெரிவார்.

இதற்காக நம் ஊரிலேயே வேலை நடந்திருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தின் மருத்துவர்கள், மதராஸில் வாழும், புகை பிடிக்காத, நோயில்லாத 15 முதல் 40 வயது வரையுள்ள ஆண்களையும் பெண்களையும் அளந்து, 1990-இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நம்மவரின் அளவு மேலை நாட்டவரை விடக் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். 2012-இல் 3 வயது முதல் 95 வயது வரைக்குமான உலகளாவிய அளவுகோல் ஒன்றும் வந்தது. உடல்வாகால் இந்த வேறுபாடா, சிறு வயது ஊட்டமும் காற்றும் காரணமா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. நமக்குத் தேவையான பாடம் ஒன்றுதான்: தாளில் சதவீதத்தை மட்டும் பார்த்து நாமே பயந்துகொள்ளக் கூடாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்ற விவரம் கருவியில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். உயரத்தைக் கேட்டு எழுதாமல் செருப்பைக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள்.

நம் வட்டாரமும் நெஞ்சு நோயும்

ரயிலில் தாம்பரம் தாண்டிக் கடற்கரை போகும்போது தாம்பரம் சானடோரியம் என்ற நிறுத்தம் வரும். அந்தப் பெயர் ஒரு மருத்துவமனையால் வந்தது. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்காக அங்கே சானடோரியத்தைத் தொடங்கினார். டி.பி.க்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு இவையே வைத்தியம். நெரிசலான நகரத்தை விட்டு மலையடிவாரத்தைத் தேடி வந்ததும் காற்றுக்காகத்தான். 1937-இல் அரசு அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நல்ல காற்றுக்காகத் தேர்ந்தெடுத்த அந்தத் தடத்தில்தான் இன்று ஜி.எஸ்.டி. சாலையின் புகையில் நாம் பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

டி.பி. குணமான பிறகும் நுரையீரலில் தழும்பு இருக்கலாம். மருந்து முடித்துப் பல வருடம் கழித்து மூச்சு வாங்கினால், நோய் திரும்பிவிட்டது என்று எல்லா நேரமும் பொருளல்ல. அளந்து பார்த்தால் தெரியும். டி.பி. வந்தவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாஸ்டரின் வீட்டார் போல மறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

தொழிலையும் பாருங்கள். பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் வேலை செய்த குடும்பங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. கல் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் அது வெளிப்படலாம். சிலிகோசிஸ் என்ற இந்த நோய், சட்டப்படி கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில் நோய். நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. எனவே அவர்களிடம் உள்ள சோதனைத் தாள், வைத்தியத்துக்கு மட்டுமல்ல, உரிமை கேட்பதற்கும் ஆதாரம். பத்திரமாக வையுங்கள்.

யார் ஊதிப் பார்க்க வேண்டும்?

சில வாரங்களுக்கு மேல் இருமலோ சளியோ நீடிப்பவர்கள், அடிக்கடி வீசிங் வருபவர்கள், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அல்லது இருந்தவர்கள், விறகடுப்பில் வருடக்கணக்கில் சமைத்த பெண்களும் மாஸ்டர்களும், கல், மரத்தூள், பஞ்சு, ரசாயனத் தூசியில் வேலை செய்தவர்கள், டி.பி. குணமாகியும் மூச்சு வாங்குபவர்கள்.

மூச்சு வாங்குவதற்கும் படிகள் உண்டு. வேகமாக நடந்தால் அல்லது மேடு ஏறினால் மட்டும் வாங்குகிறதா? சமதரையில் சம வயதுக்காரரோடு நடந்து பள்ளிவாசலுக்குப் போக முடியாமல் பின்தங்குகிறீர்களா? நூறு மீட்டரில் நிற்க வேண்டியிருக்கிறதா? உடை மாற்றினாலே வாங்குகிறதா? இரண்டாவது படியிலேயே மருத்துவரைப் பாருங்கள். நான்காவது வரை காத்திருக்க வேண்டாம். கால் வீக்கமும், படுத்தால் மூச்சுத் திணறலும் இருந்தால் இதயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ சோதனைக்கு நாள் பார்க்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

இந்தச் சோதனை பொதுவாக ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் செய்யலாம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கண், நெஞ்சு, வயிற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், இருமலில் ரத்தம் வருபவர்கள், டி.பி. சிகிச்சையின் தொடக்கத்தில் உள்ளவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மருத்துவர் தள்ளிவைப்பார்.

போகும் முன்பும் போன பிறகும்

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். இறுக்கமான உடை வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே புகையும் கடும் உழைப்பும் கூடாது. ஏற்கனவே இன்ஹேலர் எடுப்பவர்கள் எதை எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உட்கார வைத்து மூக்கில் கிளிப் போடுவார்கள். உதடு இடைவெளி இல்லாமல் குழாயைக் கவ்வ வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வெடிப்பாக ஊதி, காற்று தீர்ந்தது போலத் தோன்றினாலும் நிறுத்தாமல் ஊத வேண்டும். ஊது ஊது என்று பக்கத்தில் நிற்பவர் சத்தம் போடுவார். அது அவருடைய வேலை, கோபம் இல்லை. குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும். சிறந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அரைமனதாக ஊதினால் நல்ல ஆளுக்கும் நோய் என்று வந்துவிடும். வாய்க்குழாய் ஒவ்வொருவருக்கும் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் சகோதரிகள் கேட்கும் கேள்வி: ஆடையைக் களைய வேண்டுமா? வேண்டாம். ஹிஜாப் இருக்கலாம், முகத்திரையை மட்டும் வாய் தெரிய விலக்க வேண்டும். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். இதற்காகச் சோதனையையே விட்டுவிட வேண்டாம்.

நம் பொத்தேரியில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகிய இடங்களின் நெஞ்சக நோய்ப் பிரிவில் விசாரிக்கலாம்.

இன்ஹேலர் பற்றி ஒரு வார்த்தை

இன்ஹேலர் பிடித்தால் பழகிவிடும், கடைசிக் கட்டத்தில்தான் அதைக் கொடுப்பார்கள் என்ற பேச்சு நம்மிடம் உண்டு. கணக்கைப் பாருங்கள். சால்பூட்டமால் இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம்; இரண்டு முறைக்கு 200. அதே மருந்து 4 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்கினால் அதைப் போல 20 மடங்கு. குறைந்த மருந்து நேராக நோயுள்ள இடத்துக்குப் போவது எது, நீங்களே சொல்லுங்கள்.

ரமலானில் இன்ஹேலர் எடுத்தால் நோன்பு முறியுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி அமைக்க முடியுமா என்று நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதை நாம் அறிவோம். திணறிக்கொண்டே இன்ஹேலரைத் தொடாமல் இருப்பது ஆபத்து.

இழந்ததும் காப்பாற்றக் கூடியதும்

வளர்ந்த பிறகு எல்லோருக்கும் முதல் விநாடிக் காற்று வருடத்துக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி குறையும். அது வயதின் இயல்பு. புகை பிடிப்பவர்களில் பலருக்கு இது இன்னும் வேகமாகக் குறையும். லண்டனில் ஆண்களை எட்டு ஆண்டு தொடர்ந்து அளந்த ஃப்ளெட்சர், பீட்டோ என்ற இருவர் 1977-இல் சொன்னது இதுதான்: புகையை விட்டால் இழந்தது திரும்பாது, ஆனால் இழக்கும் வேகம் சாதாரண மனிதரின் வேகத்துக்கு வந்துவிடும். ஆகவே 60 வயதிலும் விடுவதில் லாபம் உண்டு. 30 வயதில் விட்டால் அதைவிட மிகப் பெரிய லாபம். விட உதவி வேண்டுமானால் 1800-11-2356 என்ற இலவச அரசு எண் இருக்கிறது. வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருந்தால் கொசுவர்த்திப் புகையையும் சாம்பிராணிப் புகையையும் தவிருங்கள்.

மாஸ்டர் இன்று இன்ஹேலர் எடுக்கிறார். தினமும் நடக்கிறார். அடுப்பை மகனிடம் விட்டுவிட்டு, கேஸ் பர்னருக்கு மாற்றச் சொல்லி, மசாலா பக்குவம் மட்டும் பார்க்கிறார். மேம்பாலத்தில் இன்னும் ஒரு முறை நிற்கத்தான் செய்கிறார். இழந்தது இழந்ததுதான். மூன்று வருடம் முன்பே அளந்திருந்தால் அந்த மூன்று வருடப் புகையாவது மிச்சமாகியிருக்கும் என்று அவர் சொன்னபோது, எங்களுக்குப் பதில் இல்லை.

அதனால் எங்கள் மருத்துவ உதவிப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: "இருமல், மூச்சு வாங்குதல் இருந்தால், மூச்சு ஊதும் சோதனை செய்தாயிற்றா?" இனி மருந்துக்கு உதவி கேட்டு வருவோரிடம் முதலில் இதைக் கேட்போம். செய்யவில்லை என்றால் அந்தச் சோதனைக்கு வழி செய்வது எங்கள் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.

பிள்ளைகளோடு செய்து பார்க்க

ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் அரை லிட்டர் அரை லிட்டராகத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு அளவுக்கும் கோடு போடுங்கள். நிறைந்ததும் வாயை மூடி, பாதி தண்ணீர் உள்ள பெரிய பக்கெட்டில் கவிழ்த்து, தண்ணீருக்குள் வைத்தே மூடியைத் திறங்கள். சுத்தமான ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கேனுக்குள் விட்டு, மறுமுனையில் ஒரே மூச்சில் ஊதச் சொல்லுங்கள். எத்தனை கோடு தண்ணீர் இறங்கியதோ அதுதான் உயிர்க் கொள்ளளவு. ஹட்சின்சன் 1846-இல் செய்ததும் ஏறக்குறைய இதுவே. ஒவ்வொருவருக்கும் தனிக் குழாய் வையுங்கள். இது விளையாட்டுப் பாடம். நோயைக் கண்டுபிடிக்க உதவாது. வீசிங் உள்ளவர்களையும், நோயுள்ள பெரியவர்களையும் ஊத வைக்காதீர்கள்.

பிறகு இந்தக் கேள்விகளை வீட்டில் பேசுங்கள்:

1. எவ்வளவு ஊதினாலும் வெளியே வராத காற்றால் என்ன பயன்?
2. பெரிய ஹால், பாதி மூடிய கதவு. சின்ன ஹால், திறந்த கதவு. எது ஆஸ்துமா, எது தழும்பு விழுந்த நுரையீரல்?
3. ஒருவர் முதல் விநாடியில் 2 லிட்டரும் மொத்தம் 2.5 லிட்டரும் ஊதினால் விகிதம் எவ்வளவு? (விடை: 80 சதவீதம்)
4. நம் வீட்டில் "வயசாயிடுச்சு" என்று சொல்லி மூச்சு வாங்குவதை மறைப்பவர் யார்?

கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தால், இந்த வாரமே அவரை அழைத்துக்கொண்டு போங்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. வஸ்ஸலாம்.